ஜப்பானியச் சொற்களைத் தினமும் திருப்புவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியவர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் இலக்கணக் கேள்விகளே இல்லை. "நேற்றுப் படித்த சொல் இன்று இல்லை" என்ற ஒரே புலம்பல்தான், வேறு வேறு உருவத்தில் வருகிறது. அவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். ஒரு முன்குறிப்பு: வாசிக்க வசதியாக ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள் என்று நீங்கள் எழுதிப் படிக்கும் அட்டையில் அப்படி எழுதிவிடாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

திருப்புதல் என்றால் படித்ததை இன்னொரு முறை வாசிப்பதுதானே?

இல்லை. நோட்டில் இடது பக்கம் சொல், வலது பக்கம் பொருள் என்று எழுதி, மேலிருந்து கீழ்வரை நான்கு முறை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். கண்ணுக்குப் பழகியிருக்கும், அவ்வளவுதான். விடையை மூடிக்கொண்டு, நினைவிலிருந்து இழுத்து எடுத்து, அப்புறம் திறந்து சரிபார்த்தால்தான் அது திருப்புதல்.

2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை மாணவர்களிடம் சோதித்தார்கள். ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். நம்மை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிட வெற்றிதான்.

தினமும் செய்தே ஆக வேண்டுமா? வாரக் கடைசியில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தால் போதாதா?

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறதியின் வேகத்தை அளந்தார். 1885-இல் அதை வெளியிட்டார். மறதி முதலில் செங்குத்தாக விழுகிறது, அப்புறம் மெல்லச் சரிகிறது என்பதுதான் அவர் கண்டது. அதனால் இன்று படித்த சொல்லை நாளைக்கே ஒருமுறை தொட வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தொட்டால் திருப்புவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது; மறுபடி முதலிலிருந்து படிப்பீர்கள்.

நாளைக்குத் தொட்டது பிடித்துக்கொண்டால் அடுத்த இடைவெளியை நீட்டலாம். மூன்று நாள், ஒரு வாரம், இரண்டரை வாரம், ஒன்றரை மாதம் என்று அது வளரும். ஒரு சொல்லுக்குத் தினமும் வேலையில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் முறை வரும் நாள் வேறு வேறு. அதனால் உங்களுக்குத் தினமும் வேலை உண்டு.

எந்தச் செயலி நல்லது? காகித அட்டை போதுமா?

போதும். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் பிரபலமாக்கிய பெட்டி முறை இன்றைக்கும் வேலை செய்கிறது. பெட்டியில் ஐந்து அறைகள். தெரிந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும், தெரியாதது முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப் போக அரிதாகப் பார்த்தால் போதும். முந்நூறு சொல் வரைக்கும் இது சுகமான வேலை. ஆயிரத்தைத் தாண்டினால் அட்டைகளை அடுக்குவதே தனிப் பிழைப்பாகிவிடும்.

அப்போது செயலிக்குப் போங்கள். நான் பயன்படுத்துவது ஆன்கி. 2006-இல் வந்தது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. அந்தப் பெயரே ஜப்பானியச் சொல்தான், மனப்பாடம் என்று பொருள். கான்ஜியையும் (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகள்) சேர்த்து, யாரோ போட்டுவைத்த வரிசையிலேயே போக விரும்புகிறவர்களுக்கு வானிகானி இருக்கிறது. எதுவானாலும் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் இருங்கள். செயலி மாற்றுவது படிக்காமல் இருப்பதற்கு ரொம்ப கௌரவமான சாக்கு.

ஒரு நாளைக்கு எத்தனை புதுச் சொல்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

புதுச் சொல் என்பது கடன் வாங்குவது. வாங்கும்போது வலிக்காது. தவணை பின்னால் வரும், வருடக்கணக்கில் வரும். தோராயமான கணக்கு ஒன்று சொல்கிறேன்: தினமும் எத்தனை புதுச் சொல் சேர்க்கிறீர்களோ, ஓரிரு மாதத்தில் அதைப்போல ஏழிலிருந்து பத்து மடங்கு அட்டைகள் தினமும் திருப்புதலுக்கு வந்து நிற்கும். தினம் 10 சேர்த்தால் 70 முதல் 100. ஓர் அட்டைக்குப் பத்து விநாடி என்றால் சுமார் கால் மணிநேரம். தினம் 20 சேர்த்தால் அரை மணி. இது புதுச் சொல்லைப் படிக்கும் நேரம் போக.

ஆன்கி தானாக வைத்துத் தரும் எண்ணிக்கை 20. பலர் அதைத் தொடுவதேயில்லை. நான் தொட்டேன், 40 ஆக்கினேன். முதல் இரண்டு வாரம் பறந்தேன். மூன்றாவது வாரம் திருப்புதல் முந்நூறைத் தாண்டியது. ஒருநாள் விட்டேன், அடுத்த நாள் திறக்கவே பயமாக இருந்தது. நான்கு மாதம் செயலியைத் தொடவில்லை. திரும்பி வந்தபோது 7 என்று வைத்தேன். இன்றைக்கும் அதுதான்.

5 என்று வைத்தால் சிரிப்பாகத் தோன்றலாம். வருடத்துக்கு 1,825 சொல் வருகிறது. 2010-க்கு முன்பு ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நான்கு நிலைகளில் நடந்தது. அப்போது கடைசி நிலைக்கு 800 சொல், அதற்கு மேல்நிலைக்கு 1,500, அதற்கடுத்து 6,000, உச்சிக்கு 10,000 என்று வரையறை வைத்திருந்தார்கள். ஆக, தினம் ஐந்து சொல்லே ஒரு வருடத்தில் உங்களை இரண்டாவது படிக்கு மேலே கொண்டுபோகும்.

எண்ணிக்கையை முடிவு செய்ய நான் சொல்லும் வழி இது: நன்றாக இருக்கும் நாளை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். காய்ச்சலடித்த நாள், வீட்டில் விருந்தாளி இருக்கும் நாள், ராத்திரி பதினொன்றுக்கு வேலை முடிந்த நாள். அன்றைக்கு எவ்வளவு முடியுமோ அதற்கேற்ப வையுங்கள்.

எந்த நேரத்தில் செய்வது?

ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்யும் ஒன்றின் வாலில் கட்டிவிடுங்கள். பல் துலக்கியதும், பேருந்தில் உட்கார்ந்ததும், இப்படி. "நேரம் கிடைக்கும்போது" என்றால் கிடைக்காது. காலையா இரவா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாகப் பிரித்துச் செய்தாலும் சரி. இரவுப் பறவைகளுக்கு ஒரு தகவல்: ஆன்கியில் நாள் மாறுவது நள்ளிரவில் இல்லை, காலை 4 மணிக்கு. பன்னிரண்டைத் தாண்டிவிட்டதே என்று கைவிட வேண்டாம்.

உட்கார்ந்ததும் எந்த வரிசையில் போவது?

முதலில் திருப்புதல், அது முடிந்த பிறகுதான் புதுச் சொல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். புதுச் சொல் இனிப்பு மாதிரி, முதலில் தின்றால் சாப்பாடு இறங்காது.

அட்டை வந்ததும் வாயைத் திறந்து சொல்லுங்கள். பேருந்தில் இருந்தால் உதட்டையாவது அசையுங்கள். மனதுக்குள் "தெரியுமே" என்று நகர்ந்தால் பாதி தெரிந்ததெல்லாம் முழுதும் தெரிந்ததாகக் கணக்காகிவிடும். பத்து விநாடியில் வரவில்லையா, திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஒரே அட்டையோடு ஒரு நிமிடம் மல்லுக்கட்டினால் கடைசியில் விடை வரத்தான் செய்யும். ஆனால் யாராவது எதிரில் பேசும்போது அந்த ஒரு நிமிடத்தை உங்களுக்குத் தரமாட்டார்கள்.

புதுச் சொற்களை மட்டும் ஒருமுறை கையால் எழுதுவது என் பழக்கம். கட்டாயமில்லை.

அட்டையில் என்ன இருக்க வேண்டும்?

முன்பக்கம் "கிரு", பின்பக்கம் "வெட்டு" என்று ஓர் அட்டை செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் கழித்து "கிரு" என்றால் "உடுத்து" என்று இன்னொன்று வரும். இரண்டுமே சரி. அடிச்சொல் ஒன்றுபோல ஒலித்தாலும் "வெட்டி" என்பது "கித்தெ" ஆகும், "உடுத்தி" என்பது "கிதெ" ஆகும். தமிழில் "படு" இருக்கிறதே, படுத்தான் வேறு, பட்டான் வேறு, அந்தக் கதைதான். ஆகவே வினைச்சொல் அட்டையில் அது எந்த வகை வினை என்பதும், திரிந்த வடிவம் ஒன்றும் இருக்கட்டும்.

நான் வைக்கும் அமைப்பு: முன்பக்கம் ஒரு குட்டி வாக்கியம், அதில் படிக்க வேண்டிய சொல் தடித்த எழுத்தில், கான்ஜியோடு. பின்பக்கம் ஹிரகானாவில் (ஜப்பானியத்தின் ஒலியெழுத்து) உச்சரிப்பு, தமிழில் பொருள், ஒலிப்பதிவு. ஓர் அட்டைக்கு ஒரு பொருள்தான். ஐந்து பொருளை அடுக்கினால் மூன்று நினைவிருந்து இரண்டு மறக்கும்போது அதைச் சரியென்பதா தவறென்பதா?

பொருளைத் தமிழிலேயே எழுதுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ககெரு" என்ற வினையை ஆங்கில அகராதியில் பார்த்தால் பத்துப் பதினைந்து பொருள் வரிசையாக நிற்கும், தலை சுற்றும். ஆனால் பாருங்கள்: "தென்வா ஓ ககெரு" என்றால் போன் போடுவது. "மெகனெ ஓ ககெரு" என்றால் கண்ணாடி போடுவது. "ககி ஓ ககெரு" என்றால் பூட்டுப் போடுவது. மூன்றுக்கும் நம்மிடம் "போடு" தயாராக இருக்கிறது. இடையில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தால் மூன்று தனித்தனி அட்டைகளாக உடைந்துபோகும்.

வினைகளின் ஜோடியும் அப்படித்தான். "தொமரு" என்றால் நிற்பது, "தொமெரு" என்றால் நிறுத்துவது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது இங்கே உதவிக்கு வருகிறது. ஒன்றைச் சேர்க்கும்போது வாக்கியத்தோடு சேருங்கள். வினைக்கு முன்னால் எழுவாயைக் காட்டும் "கா" வருகிறதா, செயப்படுபொருளைக் காட்டும் "ஓ" வருகிறதா என்பதே எது எது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நம் எழுத்து நமக்காகச் செய்யப்பட்டது. தமிழில் க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கேற்பத் தாமே அழுத்தமாகவோ மெலிந்தோ ஒலிக்கும். அதற்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஜப்பானியத்தில் அந்த வித்தியாசமே பொருளை மாற்றும். தங்கம் "கின்", வெள்ளியும் "கின்". முதலாவது "கண்" என்பதில் வரும் அழுத்தமான க. இரண்டாவது "தங்கம்" என்பதில் வரும் மெலிந்த க. பல்கலைக்கழகம் "தைகாகு". படிப்பை நிறுத்திவிட்டு வெளியேறுவதும் "தைகாகு"! முன்னதில் த மெலிந்து ஒலிக்கும், பின்னதில் அழுத்தமாக. தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தால், சேர்ந்தேன் என்று சொல்ல நினைத்து விலகினேன் என்று சொல்லிவிடுவீர்கள்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றையாக வரும் வல்லினத்தை நாம் நம்மையறியாமல் மெலிய வைக்கிறோம். "அகா" என்றால் சிவப்பு. அந்தக் க அழுத்தமாக ஒலிக்க வேண்டும். தமிழ் நாக்கு அதை "அகம்" போலச் சொல்லப் பார்க்கும். "ஹிதோ" என்றால் மனிதர். அதில் வரும் த "பத்து" என்பதன் ஓசைக்கு அருகில் இருக்க வேண்டும், ஆனால் இரட்டிக்கக் கூடாது. தமிழில் எழுதிப் பழகினால் இந்தப் பிழை கல்வெட்டாகிவிடும். ஹிரகானாவில் எழுதுங்கள், கூடவே ஒலியைக் கேளுங்கள்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குறில் நெடில் வித்தியாசத்திலும் ஒற்று இரட்டிப்பதிலும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "ஒபசன்" அத்தையோ சித்தியோ, "ஒபாசன்" பாட்டி. "யுகி" பனி, "யூகி" துணிவு. "கிதெ" என்றால் "வந்து", "கித்தெ" என்றால் தபால்தலை. படம், பாடம், பட்டம் என்று வளர்ந்த காதுக்கு இது கேட்காமல் போகாது. மற்ற மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் இது.

ஹிரகானா தெரியாமல் சொற்களைத் தொடங்கலாமா?

தொடங்காதீர்கள். அடிப்படை எழுத்துகள் ஹிரகானாவில் 46, அதன் ஜோடி ஒலியெழுத்தான கதகானாவில் 46. இரண்டு மூன்று வாரத்து வேலை. அதுவரை பொறுங்கள்.

கான்ஜியைத் தனியாகப் படிக்க வேண்டுமா?

அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வரையறுத்த ஜோயோ கான்ஜி 2,136. இந்த எண்ணைக் கேட்டதும் தனி டெக் (அட்டைத் தொகுப்பு) போட்டு, ஒவ்வொன்றுக்கும் எல்லா உச்சரிப்பையும் மனப்பாடம் செய்யக் கிளம்பாதீர்கள். உயிர், பிறப்பு என்ற பொருளில் ஒரு கான்ஜி உண்டு. "கக்செய்" (மாணவர்) என்பதில் அது "செய்". "இஷ்ஷோ" (வாழ்நாள்) என்பதில் "ஷோ". "இகிரு" (வாழ்தல்) என்பதில் "இ". "உமரெரு" (பிறத்தல்) என்பதில் "உ". தனியே நின்றால் "நமா", அதாவது சமைக்காதது. இந்தப் பட்டியலை ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு ஒரு வாக்கியம்கூட வாசிக்க வராது. மேலே உள்ள ஐந்து சொல்லையும் தெரிந்தவருக்குப் பட்டியல் தானாகவே வந்துவிடும்.

கான்ஜியின் உறுப்புகளை மட்டும் அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். நீருக்கு இடப்பக்கம் மூன்று கோடு, மரத்துக்கு இது, பேச்சுக்கு இது என்று. மற்றதெல்லாம் சொல்லின் வழியே வரட்டும்.

ஆயத்த டெக் எடுப்பதா, நானே செய்வதா?

முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சொல்லுக்கு ஆயத்தமானதை எடுங்கள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தச் சொற்கள்தான் வரும். நீங்கள் உட்கார்ந்து செய்து பெரிதாக எதையும் மாற்றப்போவதில்லை. கய்ஷி 1.5கே என்ற இலவச டெக்கில் சுமார் 1,500 சொல், வாக்கியத்தோடும் ஒலியோடும் இருக்கிறது. பொருள் ஆங்கிலத்தில் இருக்கும்; சிக்கலான வினைகளுக்கு மட்டும் தமிழில் திருத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு, நீங்கள் வாசிப்பதிலும் கேட்பதிலும் மாட்டும் சொற்களை நீங்களே சேருங்கள். எங்கே பார்த்தோம் என்ற நினைவே பாதி வேலையைச் செய்துவிடும்.

"என்5 சொற்பட்டியல்" என்று கிடைப்பதை வேதவாக்காக எடுக்காதீர்கள். 2010-இல் ஜேஎல்பிடி தேர்வை என்5 முதல் என்1 வரை ஐந்து நிலையாக்கியபோதே அதிகாரபூர்வச் சொற்பட்டியல் தருவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது சுற்றுவதெல்லாம் பழைய பட்டியலையும் பழைய வினாக்களையும் வைத்துப் பிறர் போட்ட கணக்கு. பெரும்பாலும் பொருந்தும், ஆனால் ஒரு சொல் பட்டியலில் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம்.

அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. எதை எப்போது அழுத்துவது?

விடையைப் பார்த்ததும் ஆன்கி காட்டும் நான்கு பொத்தான்கள் இவை. மறந்துவிட்டால் அகெய்ன். நினைவுக்கு வந்தால் குட். இரண்டே போதும்.

பலரும் கெடுத்துக்கொள்வது ஹார்டில்தான். மறந்துபோனதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் "கிட்டத்தட்டத் தெரியும்" என்று ஹார்டை அழுத்துகிறார்கள். ஆன்கி அதை "சிரமப்பட்டாலும் தெரிந்தது" என்றே எடுத்துக்கொண்டு அடுத்த நாளைத் தள்ளிவைக்கும். 2023-இல் வந்த 23.10 பதிப்பில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்குமுறையைச் சேர்த்தார்கள். அது உங்கள் பதில்களைப் பார்த்துத்தான் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அதனிடம் பொய் சொன்னால் எல்லா அட்டையும் கோணலாகும்.

இன்னொன்று. அந்தக் கணக்கில் வழக்கமான இலக்கு 90 விழுக்காடு. அதாவது பத்தில் ஓர் அட்டையை நீங்கள் மறப்பீர்கள் என்று எதிர்பார்த்தே நாள் குறிக்கிறார்கள். அகெய்ன் அழுத்தும்போதெல்லாம் முகம் சுண்ட வேண்டாம்.

ஒரே சொல் மறுபடி மறுபடி மறக்கிறதே?

ஒரு சொல்லை எட்டுத் தடவை மறந்தால் ஆன்கி அதை லீச் என்று முத்திரை குத்திவிடும். லீச்சுக்குத் தமிழிலும் அட்டை என்றுதான் பெயர், ரத்தம் உறிஞ்சும் அட்டை. இதைவிடப் பொருத்தமான சிலேடையை நானாக யோசித்திருக்க முடியாது.

பெரும்பாலும் காரணம் அந்தச் சொல் இல்லை, அதன் பக்கத்துவீட்டுக்காரன். "மத்சு" என்றால் காத்திருத்தல், "மொத்சு" என்றால் கையில் வைத்திருத்தல். ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. கான்ஜியிலோ இடதுபக்க உறுப்பு மட்டும்தான் மாறும், வலதுபக்கம் அச்சு அசலாக ஒன்றே. இப்படிப்பட்டவை ஒரே வாரத்தில் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். ஒன்றை நிறுத்திவையுங்கள், மற்றது கெட்டியான பிறகு விடுங்கள். எதிர்ச்சொற்கள், நிறங்கள், உறவுமுறைகள் என்று கூட்டமாகச் சேர்ப்பதிலும் இதே தொல்லை உண்டு. பாடநூல்கள் என்னமோ அப்படித்தான் தருகின்றன.

குழப்பம் இல்லாமலே மறந்தால் ஒரு கொக்கி மாட்டுங்கள். "அதமா" என்றால் தலை. ஆத்மா தலைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டேன், போகவேயில்லை. "கதய்" என்றால் கடினமானது, கட்டை மாதிரி. கொக்கி எவ்வளவு அசட்டுத்தனமோ அவ்வளவு நல்லது. அதற்கும் மசியவில்லையா, அழித்துவிடுங்கள். முக்கியமான சொல் என்றால் அது எங்கேயாவது மறுபடி வந்து கதவைத் தட்டும்.

பத்து நாள் விட்டுப்போனது. 600 அட்டை நிற்கிறது. என்ன செய்ய?

முதலில், எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கும் ஆசையை அடக்குங்கள். அறுநூறில் பெரும்பகுதி இன்னும் உங்களுக்குத் தெரியும். தாமதமாகியும் நினைவிருந்தால் ஆன்கி அதைக் கணக்கில் சேர்த்து இடைவெளியை நன்றாகவே நீட்டிவிடும், அதனால் அவை சீக்கிரம் கலைந்துபோகும்.

புதுச் சொல்லைப் பூஜ்யம் ஆக்குங்கள். அமைப்பில் ஒரு நாளின் திருப்புதல் உச்சவரம்பை 100 என்று குறையுங்கள். எண்ணிக்கையைப் பார்க்காமல் இருபது நிமிடம் கடிகாரம் வைத்துச் செய்யுங்கள், மணி அடித்ததும் மூடிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் நிலைமை கைக்குள் வரும். பாக்கி முழுதும் தீர்ந்து மூன்று நாள் கழித்தே புதுச் சொல்லைத் திறங்கள், அதுவும் முன்பைவிடக் குறைவாக.

தமிழிலிருந்து ஜப்பானியத்துக்கும் அட்டை வேண்டுமா?

ஜப்பானியத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது முதலில் போதும். மறுதிசையையும் சேர்த்தால் வேலை இரட்டிப்பாகும். நாளைக்கே வாயில் வர வேண்டிய சொற்களுக்கு மட்டும் மறுதிசை வையுங்கள்.

அட்டையில் தெரிகிறது, பேச்சில் வந்தால் காதில் விழவில்லை.

உங்களுக்குத் தெரிந்தது சொல் இல்லை, அட்டையின் முகம். முன்பக்கத்தில் எழுத்தே இல்லாமல் ஒலி மட்டும் ஒலிக்கும்படி சில அட்டைகளை மாற்றுங்கள். அப்போது சுர ஏற்ற இறக்கமும் பிடிபடும். டோக்கியோ பேச்சில் "அமெ" மேலிருந்து கீழே இறங்கினால் மழை, கீழிருந்து மேலே ஏறினால் மிட்டாய். தினத் திருப்புதல் முடிந்த கையோடு பத்து நிமிடம் எதையாவது கேளுங்கள் அல்லது வாசியுங்கள். காலையில் திருப்பிய சொல் அங்கே எதிர்ப்பட்டால் அது பத்துத் திருப்புதலுக்குச் சமம் என்பது என் அனுபவம்.

தமிழ் தெரிந்தவருக்குச் சொற்களில் ஏதாவது சலுகை உண்டா?

உண்டு, எதிர்பார்ப்பதைவிட அதிகமாக. "இரு" என்றால் அங்கேயும் இருப்பதுதான், ஆளும் விலங்கும் மட்டும். "கொரெ, சொரெ, அரெ, தொரெ" என்ற நான்கும் இது, உது, அது, எது. உது நம் பேச்சில் அருகிவிட்டாலும் சங்க நூல்களில் இருக்கிறது, ஈழத்துப் பேச்சில் இன்னும் உயிரோடிருக்கிறது. "கேட்பவர் பக்கத்தில் இருப்பது" என்று நீட்டி எழுதாமல் அட்டையில் "உது" என்று எழுதிவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது இரட்டைக்கிளவி. ஜப்பானியத்தில் அது கொட்டிக் கிடக்கிறது. "கிரகிர" என்றால் மினுமினு. "தொகிதொகி" என்றால் நெஞ்சு படபட. "பெரபெர" என்றால் ஒரு மொழியைக் கடகடவென்று பேசுவது. பிறமொழிக் கையேடுகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதும். நமக்கு ஒரு சொல்.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் இரண்டும் உறவு மொழிகள் என்றே பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அந்த வழக்கில் யார் ஜெயித்தாலும் அட்டைக்கு இந்த ஒற்றுமைகள் பயன்படும்.

இதை எப்போது நிறுத்தலாம்?

தினமும் ஜப்பானியத்தில் வாசிக்கத் தொடங்கிவிட்டால் பொதுச் சொற்களுக்கு அட்டை தேவையில்லை, வாசிப்பே திருப்பிவிடும். அப்போது புதுச் சொல்லைக் குறைத்து, அரிதான சொற்களுக்கு மட்டும் அட்டையை வைத்துக்கொள்ளலாம். என் டெக்கில் பழைய அட்டைகள் பலவற்றுக்கு இடைவெளி இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டது. முதல் வாரத்தில் சேர்த்த "மிசு" (தண்ணீர்) போன மாதம் எட்டிப் பார்த்தது. குட் அழுத்தினேன். அடுத்து எத்தனையோ வருடம் கழித்து ஒரு தேதியைக் காட்டிவிட்டுப் போய்விட்டது.